பிளேர் மலையை வெட்டுவதற்குச் சொல்லப்படும் காரணங்கள்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் லோகன் மாவட்டத்தில் இருக்கிறது பிளேர் மலை. காடு அடர்ந்த நீண்ட முகடு அது. 1921 ஆகஸ்ட் இறுதியில் சுமார் 10,000 நிலக்கரித் தொழிலாளர்கள் துப்பாக்கி ஏந்தி இந்த முகட்டை நோக்கி ஏறினார்கள். மேலே பதுங்குகுழிகளிலும் இயந்திரத் துப்பாக்கிகளுக்குப் பின்னாலும் ஏறத்தாழ 3,000 பேர் அவர்களுக்காகக் காத்திருந்தார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்க மண்ணில் நடந்த மிகப் பெரிய ஆயுதக் கிளர்ச்சி இதுதான். அந்த முகட்டுக்குள்ளேயே விலைபோகும் நிலக்கரி அடுக்குகளும் இருக்கின்றன. மலையின் தலையைச் சீவி அதை எடுப்பதா, போர்க்களத்தை அப்படியே விடுவதா என்ற சர்ச்சை பல ஆண்டுகளாக இழுபட்டு வருகிறது.

வெட்டலாம் என்பவர்களின் வாதம் கேட்பதற்கு நியாயமானது போலவே இருக்கும். நடந்த சண்டை புத்தகங்களில் பதிவாகிவிட்டது, அருங்காட்சியகமும் இருக்கிறது, சாலையோரம் ஒரு நினைவுப் பலகை போதும். மலை என்பது மரமும் பாறையும்தான். அதில் கிடைக்கிற துருப்பிடித்த தோட்டாக்களைப் பொறுக்கி வைத்துக்கொள்ளலாம். ஏழை மாவட்டம், வேலை வேண்டும். நிலம் தனியாருடையது, அதில் என்ன செய்வது என்பது உரிமையாளரின் விருப்பம். லோகன் மாவட்டத்துக்கு வெளியிலும், தொழில் வளர்ச்சிக்கும் பழைய இடங்களுக்கும் மோதல் எழும் எல்லா நாடுகளிலும், இந்த வாதமே பொதுப்புத்தியாக நிலைத்திருக்கிறது. பிளேர் மலையை வைத்துப் பார்த்தால் இதில் ஒரு வரிகூடத் தேறாது.

முதலில், என்ன நடந்தது. 1920-இல் மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதிச் சுரங்க ஊர்கள் பெரும்பாலும் கம்பெனிக்குச் சொந்தமானவை. வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, பல இடங்களில் கூலியே கம்பெனி டோக்கனாகத்தான் வந்தது. அந்த டோக்கன் கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும். சங்கத்தில் சேர்ந்தவனுக்கு அன்றே வேலை போகும். குடும்பத்தோடு வீட்டைவிட்டு வெளியேற்றுவார்கள். வெளியேற்றுவதற்கென்றே பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தின் ஆயுதக் காவலர்கள் இருந்தார்கள். 1920 மே 19 அன்று மேட்வான் என்ற சிற்றூரில் அப்படி வெளியேற்றிவிட்டுத் திரும்பிய காவலர்களுக்கும் ஊர்க் காவல் தலைவர் சித் ஹாட்ஃபீல்டின் தரப்புக்கும் மூண்ட சண்டையில் பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் நிறுவனத்தின் ஆட்கள். ஊரின் மேயரும் ஒருவர். தொழிலாளர் பக்கம் நின்ற அதிகாரி என்பதால் ஹாட்ஃபீல்ட் அவர்களுக்கு நாயகன் ஆனார். 1921 ஆகஸ்ட் 1 அன்று வேறொரு வழக்குக்காக வெல்ச் நகர நீதிமன்றத்துக்கு நிராயுதபாணியாக வந்தவரை, மனைவியின் கண்ணெதிரே, நீதிமன்றப் படிக்கட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். நண்பர் எட் சேம்பர்ஸும் அங்கேயே விழுந்தார்.

மூன்று வாரத்தில் மார்மெட் அருகே தொழிலாளர்கள் திரண்டார்கள். கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, சங்கத்தை அமைக்கவும் சிறையிலிருந்த தோழர்களை விடுவிக்கவும் மிங்கோ மாவட்டத்தை நோக்கி நடந்தார்கள். வழியை மறித்து நின்றது பிளேர் மலை. லோகன் மாவட்ட ஷெரிஃப் டான் சேஃபின் நிலக்கரி முதலாளிகளின் பணத்தில் படை சேர்த்து முகட்டை அடைத்திருந்தார். அவர் வாடகைக்கு அமர்த்திய விமானங்கள் தொழிலாளர்மீது கையால் செய்த குண்டுகளை வீசின. வெடிக்காமல் கிடைத்த குண்டு ஒன்று பிறகு நீதிமன்றத்தில் சான்றுப் பொருளாகவே வைக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ஹார்டிங் அனுப்பிய கூட்டாட்சிப் படை செப்டம்பர் தொடக்கத்தில் வந்து சேர்ந்ததும் தொழிலாளர்கள் சண்டையை நிறுத்தினார்கள். முதல் உலகப் போரில் ராணுவ உடையில் இருந்துவிட்டு வந்தவர்கள் அவர்களில் பலர். அரசுப் படையைச் சுட அவர்கள் வரவில்லை.

அந்த நாள்களில் காட்டுக்குள் எதிரி யார், தோழன் யார் என்று கண்டுபிடிப்பதே பாடாக இருந்தது. இரு தரப்புமே சீருடை இல்லாத மலைவாசிகள். அதனால் இரு தரப்புக்கும் அடையாளச் சொல் உண்டு. ஆகஸ்ட் 31 காலை பாதிரியார் ஜான் வில்பர்னும் அவரோடு வந்த தொழிலாளர்களும் முகட்டில் சேஃபினின் ஆட்களை நேருக்கு நேர் சந்தித்தார்கள். அடையாளச் சொல் கேட்டதும் எதிர்த்தரப்பிலிருந்து ‘ஆமென்’ என்று பதில் வந்தது. அது சேஃபின் தரப்பின் சொல். அடுத்த நொடியே துப்பாக்கிகள் வெடித்தன. துணை ஷெரிஃப் ஜான் கோரும் அவருடன் வந்த இருவரும் இறந்தார்கள். தொழிலாளர் தரப்பில் விழுந்தவர் எலை கெம்ப் என்ற கறுப்பினச் சுரங்கத் தொழிலாளி. பள்ளிகளில்கூட நிறவெறிப் பிரிவினை நிலவிய மாநிலத்தில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும், இத்தாலியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் வந்தவர்களும் ஒரே வரிசையில் நின்றது பிளேர் மலையில்தான்.

“இது வெறும் கலகம், சட்டத்தை மீறியவர்களுக்கு எதற்கு நினைவிடம்” என்று கேட்பவர்களுக்கு அன்றைய நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. நூற்றுக்கணக்கானோர்மீது கொலை, தேசத்துரோகம் முதலிய குற்றங்கள் சாட்டப்பட்டன. தலைவர்களில் ஒருவரான பில் பிளிஸர்டை 1922-இல் சார்ல்ஸ் டவுன் நகரில் தேசத்துரோகத்துக்காக விசாரித்தார்கள். 1859-இல் அடிமைமுறை எதிர்ப்பாளர் ஜான் பிரவுனுக்குத் தூக்குத் தண்டனை விதித்த அதே நீதிமன்றக் கட்டடத்தில். நடுவர் குழு பிளிஸர்டைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. மறுபுறம், ஹாட்ஃபீல்டைச் சுட்டவர்கள் எவரும் தண்டிக்கப்படவில்லை.

இனி, புத்தகம் போதும் என்ற வாதம். பிளேர் மலையைப் பொறுத்தவரை இதைவிடப் பலவீனமான வாதம் வேறில்லை. சண்டைக்குப் பிறகு தொழிலாளர்கள் வாயைத் திறக்கவில்லை. தேசத்துரோக வழக்கும் கம்பெனிகளின் கறுப்புப் பட்டியலும் தலைக்கு மேல் தொங்கியபோது, யார் எங்கே நின்றார், யாரைச் சுட்டார் என்று எவரும் எழுதி வைக்க மாட்டார்கள். பல குடும்பங்களில் பிள்ளைகளுக்கே சொல்லாமல் கண்ணை மூடினார்கள். எஞ்சியவை அரசு வழக்கறிஞரின் ஆவணங்களும், முகட்டில் நின்ற தரப்போடு போன நிருபர்களின் செய்திகளும்தான். மாநில அரசுக்கும் இந்தக் கதை பிடிக்கவில்லை. 1930-களின் இறுதியில் கூட்டாட்சி எழுத்தாளர் திட்டத்தின்கீழ் தயாரான மேற்கு வர்ஜீனியா வழிகாட்டி நூலில் தொழிலாளர் வரலாறு இடம்பெற்றதை ஆளுநர் ஹோமர் ஹோல்ட் எதிர்த்தார். அவர் பதவியைவிட்டு இறங்கிய பிறகு, 1941-இல்தான் நூல் வெளிவந்தது. இறந்தவர் எண்ணிக்கைகூட இன்றுவரை தீரவில்லை. பதினாறு என்பாரும் உண்டு, நூறு என்பாரும் உண்டு. தோற்றவர்கள் மௌனமாகவும் வென்றவர்கள் எழுதிக்கொண்டும் இருந்த ஒரு சண்டையில், எந்தத் தரப்புக்கும் சாயாத ஆவணம் அந்த மண் ஒன்றுதான்.

மண் எப்படிப் பேசும் என்பது மாயமல்ல. அதற்கு முறை இருக்கிறது. சுட்டபின் துப்பாக்கியிலிருந்து தெறித்து விழும் பித்தளை உறையின் அடியில், ஊசி குத்திய தடம் பதிந்திருக்கும். ஒரு துப்பாக்கியின் தடம் இன்னொன்றின் தடத்தைப்போல இருக்காது. உறை கிடக்கும் இடம் சுட்டவர் நின்ற இடம். ஈயக் குண்டு புதைந்த இடம் அவர் குறிவைத்த இடம். ஒரே தடமுள்ள உறைகள் நாலைந்து இடங்களில் கிடைத்தால், அந்த ஒரு மனிதர் எந்த வழியாக ஏறினார், எங்கே பின்வாங்கினார் என்று வரைந்துவிடலாம். மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் 1876-இல் பழங்குடி வீரர்களுடனான சண்டையில் அமெரிக்கப் படைத் தளபதி கஸ்டரின் படை அழிந்தது. அதைப் பற்றி நூறாண்டுக் காலம் நூல்களும் ஓவியங்களும் குவிந்தன. 1983-இல் ஒரு காட்டுத்தீ புல்லை எரித்துத் தரையைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு டக்ளஸ் ஸ்காட்டும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் உலோகங்காட்டிக் கருவிகளோடு அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார்கள். பழங்குடி வீரர்களிடம் அதுவரை நம்பப்பட்டதைவிட மிக அதிகமாகத் தொடர்சுடு துப்பாக்கிகள் இருந்தது தெரிந்தது. படை வரிசை குலைந்த விதமும் புலப்பட்டது. ஓவியங்களில் கண்ட கடைசித் தற்காப்பு வளையம் கேள்விக்குள்ளானது.

நினைவுப் பலகையை நம்புவோர் இங்கிலாந்தின் பாஸ்வொர்த்தைப் பார்க்கலாம். 1485-இல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் விழுந்த போர் ஆம்பியன் குன்றில் நடந்ததாகக் கருதி அங்கே பார்வையாளர் மையம் அமைத்தார்கள். மக்களும் பல்லாண்டுகள் வந்து பார்த்துப் போனார்கள். 2010-இல் வெளியான ஆய்வு, உண்மைக் களம் சில கிலோமீட்டர் தள்ளி இருந்ததைக் காட்டியது. பீரங்கியின் ஈயக் குண்டுகள் முப்பதுக்கு மேல் கிடைத்தன. ரிச்சர்டின் சின்னமான காட்டுப்பன்றி பொறித்த சிறு வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது. பலகை பொய் சொன்னது, உழவு நிலம் உண்மை சொன்னது. இவ்வளவு தெரிந்த பிறகும் 2018-இல் உள்ளூர் மன்றம் அதே களத்தின் ஓரப் பகுதியில் தானியங்கிக் கார்களுக்கான சோதனைத் தடத்துக்கு அனுமதி தந்தது. இது லோகன் மாவட்டத்துக்கு மட்டுமே உரிய சிக்கல் அல்ல.

பிளேர் மலையில் இந்த வேலையைத் தொடங்கியவர் கென்னத் கிங் என்ற உள்ளூர்க்காரர். பல்கலைக்கழகப் பட்டத்தின் துணையில்லாமல், ஆண்டுக்கணக்கில் முகட்டில் நடந்து ஒவ்வொரு கண்டெடுப்பையும் இடத்தோடு குறித்துவைத்தவர். 2006-இல் அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் ஹார்வர்ட் ஏயர்ஸும் அவரும் சேர்ந்து செய்த ஆய்வில் சண்டை நடந்த 15 இடங்கள் அடையாளம் காணப்பட்டன; ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாயின. அதுவரை களம் கொள்ளைபோய்விட்டது, அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் வெட்ட விரும்பியவர்கள் சொல்லிவந்தார்கள். ஆய்வு அதைப் பொய்யாக்கியது. அப்போதும் பார்த்தது முகட்டின் ஒரு பகுதியைத்தான். தோட்டாக்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு மலையை வெட்டலாம் என்ற யோசனை எவ்வளவு வெறுமையானது என்பதும் இதிலேயே விளங்கும். கிடந்த இடத்திலிருந்து எடுத்து டப்பாவில் போட்ட தோட்டா, 1921-ஐ ஒட்டிய எந்த ஆண்டின் எந்த வேட்டைக்காரனின் தோட்டாவாகவும் இருக்கலாம்.

வெட்டுதல் என்று இங்கே சொல்லப்படுவது என்ன என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். சுரங்கம் தோண்டி உள்ளே போவதாக இருந்தால் முகடு ஒருவேளை தப்பலாம். இங்கே கேட்கப்பட்டது மலையுச்சியையே அகற்றும் முறை. முதலில் காடு முழுதும் வெட்டப்படும். பிறகு வரிசை வரிசையாகத் துளையிட்டு, அம்மோனியம் நைட்ரேட்டும் டீசலும் கலந்த வெடிமருந்தை நிரப்பிப் பாறையைத் தகர்ப்பார்கள். ராட்சத இயந்திர வாளிகள் உடைந்த பாறையை அள்ளிப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டும். வெளிப்படும் அடுக்கைச் சுரண்டியதும் அடுத்த அடுக்குக்கு மறுபடி வெடி. பள்ளத்தாக்கில் ஓடிய ஓடையின் தலைப்பு அந்தக் குவியலுக்குள் மறைந்துவிடும். 1985-க்கும் 2001-க்கும் இடையில் அப்பலாச்சிய மலைப்பகுதியில் இப்படி மூடப்பட்ட ஓடைகளின் நீளம் 724 மைல் என்று அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் ஆய்வே கணக்கிட்டது. பிளேர் ஊருக்குப் பக்கத்தில் திட்டமிடப்பட்ட ஸ்புரூஸ் எண் 1 சுரங்கத்தின் கழிவு கொட்டும் அனுமதியைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011-இல் ரத்து செய்ததும் இந்த ஓடைகளுக்காகத்தான். சட்டப்படி பிறகு புல் விதைப்பார்கள், சரிவையும் ஓரளவு சீராக்குவார்கள். ஆனால் ஒருவன் எந்தப் பாறைக்குப் பின்னால் பதுங்கிச் சுட்டான் என்று கேட்டால் அந்தப் பாறை இருக்காது, சரிவும் இருக்காது, அவன் ஏறி வந்த பள்ளமும் இருக்காது.

வேலைவாய்ப்பு என்ற வாதத்துக்குத்தான் அதிக மரியாதை கிடைக்கிறது. லோகன் மாவட்டத்தின் வறுமை உண்மை. அங்கே ஒரு சுரங்க வேலையின் சம்பளத்தில் குடும்பமே நிமிர்ந்துவிடும் என்பதும் உண்மை. அதனாலேயே கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும். 1947-இல் மேற்கு வர்ஜீனியா 17 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி எடுத்தது. அதை எடுத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். 1997-இல் 18 கோடி டன்னைத் தாண்டியது. தொழிலாளர் எண்ணிக்கை 20,000-க்கும் கீழே. அரை நூற்றாண்டில் நிலக்கரி குறையவில்லை, ஆட்கள்தான் குறைந்தார்கள். வேலையைத் தின்றது போர்க்களப் பாதுகாப்பு அன்று. முதலில் நிலத்தடியில் வந்த இயந்திரம், பிறகு உச்சியை வெட்டும் முறை. ஆள்பலமே தேவைப்படாத முறை என்பதால்தான் கம்பெனிகள் அதை விரும்புகின்றன. மிகக் குறைவான பேருக்கு வேலை தரும் முறையை வேலையின் பெயராலேயே நியாயப்படுத்துவது வறியவர்களை ஏமாற்றுவதாகும்.

பிளேர் என்ற சிற்றூரே இதற்குச் சாட்சி. 1990-களில் அதன் அருகே ஆர்ச் நிறுவனத்தின் டால்-டெக்ஸ் சுரங்கம் மலையுச்சிகளை வெட்டியது. வெடியதிர்வும் தூசியும் தாங்காமல் மக்கள் முறையிட்டபோது, கம்பெனி வீடுகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கியது. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் ஊர் சிலருக்கான ஊராகச் சுருங்கிற்று. சுரங்கம் வளர்ச்சி கொண்டுவரும் என்றால் சுரங்கத்துக்கு மிக அருகில் இருந்த ஊர்தான் முதலில் வளர்ந்திருக்க வேண்டும். கம்பெனிகளின் கதையும் நிலையானதல்ல. பழைய தொழிலாளர்களின் ஓய்வூதியமும் மருத்துவச் செலவும் பேட்ரியட் கோல் என்ற நிறுவனத்தின் தலையில் குவிக்கப்பட்டன; அது 2012-இலும் 2015-இலும் திவாலானது. ஆல்ஃபா என்ற நிறுவனம் 2015-இலும் ஆர்ச் 2016 ஜனவரியிலும் திவால் மனு போட்டன. மலையை வெட்டினால் வேலை நிலைக்கும் என்ற வாக்குறுதியைத் தந்தவை இந்த நிறுவனங்கள்தான்.

பாதுகாப்புத் தரப்பில் சிலர் இதற்கு எதிராகச் சுற்றுலாவைக் காட்டுகிறார்கள். மேட்வானில் 2015-இல் திறந்த சுரங்கப் போர் அருங்காட்சியகத்துக்கு ஆட்கள் வருகிறார்கள் என்பது நல்ல செய்தி. ஆனால் சுரங்கக் கூலியைச் சுற்றுலா ஈடுகட்டிவிடும் என்பது மிகை. போர்க்களத்தைக் காக்க அந்தக் கணக்கு தேவையும் இல்லை. களத்தின் 1,600 ஏக்கரை வெட்டாமல் விட்டால் லோகன் மாவட்டத்தின் வேலை நிலவரம் புரண்டுவிடாது, வெட்டினாலும் புரளாது. வெட்டினால் களம் திரும்பாது என்பது மட்டுமே நிச்சயம். சங்கமும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. நிலக்கரியை நம்பி வாழும் ஐக்கியச் சுரங்கத் தொழிலாளர் சங்கமே பிளேர் மலைக் களத்தைக் காக்கச் சொல்லும்போது, தொழிலாளர் நலன் பேசி அதை வெட்டச் சொல்வதற்கு வேறு யாருக்கும் தகுதியில்லை.

கடைசியாக, சொத்துரிமை. அமெரிக்கத் தேசிய வரலாற்று இடப் பதிவேட்டில் ஓர் இடத்தைச் சேர்க்கும்போது தனியார் உரிமையாளர்களில் பெரும்பான்மையினர் எழுத்தில் மறுத்தால் சேர்க்க முடியாது. சட்டம் உரிமையாளரின் குரலுக்கு ஏற்கெனவே அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது. பிளேர் மலைக் களம் அந்த விதியைக் கடந்து 2009 மார்ச் 30 அன்று பதிவேட்டில் ஏறியது. உடனே நிலக்கரிக் கம்பெனிகளின் வழக்கறிஞர்கள் மறுப்புக் கடிதங்களைக் கிளப்ப, மாநில அதிகாரிகள் கணக்கு பிசகிவிட்டதாகச் சொல்லிப் புதுப் பட்டியல் தந்தார்கள். அந்தப் பட்டியலில் இறந்தவர்களின் பெயரும் இருப்பதாகப் பாதுகாப்புத் தரப்பு சுட்டிக்காட்டியது. ஆனாலும் அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று களம் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. இவ்வளவு பாடு எதற்கென்றால், 1977-ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சுரங்கச் சட்டம் பதிவேட்டில் உள்ள இடத்துக்கு ஊறு செய்யும் சுரங்கத்தைத் தடுக்கிறது. அதிகார அமைப்புகள் கூடி இசைவு தந்தாலோ, முன்பே நிலைத்த உரிமை இருந்தாலோதான் விலக்கு.

களத்தைக் காக்கக் கோரி 2011 ஜூனில் நூற்றுக்கணக்கானோர் மார்மெட்டிலிருந்து பிளேர் வரை 50 மைல் நடந்தார்கள். சியரா கிளப் உள்ளிட்ட அமைப்புகள் அந்த நீக்கத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், மனுதாரர்களுக்கு வழக்காடும் தகுதியே இல்லை என்று முதலில் தள்ளியது மாவட்ட நீதிமன்றம். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2016 ஏப்ரலில் நீதிபதி ரெஜி வால்டன், களத்தை நீக்கியது சட்டத்துக்குப் புறம்பு என்று தீர்ப்பளித்தார். 2018 ஜூன் 27 அன்று பதிவேட்டின் காப்பாளர் பழைய நீக்கம் தவறு என்று ஏற்றுப் பிளேர் மலையை மீண்டும் பதிவேட்டில் சேர்த்தார். சொத்துரிமையின் பெயரால் நடந்தது சொத்துரிமைக் கணக்கையே பிழையாகக் காட்டிய வேலை என்பது இதோடு நிறுவப்பட்டது.

ஆனால் பதிவேடு வேலி அல்ல. முகட்டின் பெரும்பகுதி நிலமும் அதற்கடியிலுள்ள கனிமமும் இன்னும் நிலக் கம்பெனிகளின், நிலக்கரிக் கம்பெனிகளின் கையில் இருக்கின்றன. 1977 சட்டத்தின் விலக்குகளும் அப்படியே இருக்கின்றன. பழைய உரிமை ஒன்றைக் காட்டி ஒரு கம்பெனி நாளையே மனுப்போடலாம். ஆகவே மேற்கு வர்ஜீனிய அரசும் கூட்டாட்சி அரசும் 1,600 ஏக்கரையும் அதன் கனிம உரிமையையும் நியாய விலை கொடுத்து வாங்கிப் பொதுப் பூங்காவாக அறிவிக்க வேண்டும். அதுவரை எல்லைக்குள்ளும் அதை ஒட்டியும் ஒரு வெடிக்கும் அனுமதி தரக் கூடாது.